எழும்பாத ராக்கெட்டுக்கு 74 படங்கள்

2023 அக்டோபர் 21, சனிக்கிழமை காலை 8.45-க்கு நான் ஒரு மரவரிசையை 74 முறை படம் எடுத்தேன். கேமரா திணறி ஷட்டர் தானாகவே நின்ற பிறகுதான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். மரங்களுக்கு மேலே புகையும் இல்லை, சுடரும் இல்லை. பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்காமலே அக்கா மகள் கேட்டாள்: "மாமா, கிளம்பிவிட்டதா?"

எனக்கே தெரியவில்லை. சற்று நேரம் கழித்துக் கைப்பேசி நேரலையில்தான் பதில் வந்தது. 5 விநாடி இருக்கும்போது கணினியே கவுன்ட்டவுனை நிறுத்திவிட்டது.

ராக்கெட் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரலை என்பது பெயருக்குத்தான் நேரலை. இணையம் வழியாக நம் கைக்கு வந்து சேர்வதற்குள் பல விநாடிகள் கழிந்திருக்கும். அதை நம்பிக் காத்திருந்தால், திரையில் பூஜ்யம் வரும்போது வானத்தில் ராக்கெட் எங்கேயோ போயிருக்கும். அதனால் கடிகாரத்தை விநாடி பிசகாமல் சரிசெய்து வைத்து, அதைப் பார்த்தே பொத்தானை அழுத்துவது என் வழக்கம். கவுன்ட்டவுன் நின்றுபோனால் அந்தக் கடிகாரம் சொல்லாது. அன்று எனக்குக் கிடைத்த மரங்கள் அப்படி வந்தவைதான்.

அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் முதல் ஏவுதளத்தில் நின்றது ககன்யான் திட்டத்தின் சோதனை வாகனம், டிவி-டி1. மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் முயற்சியில், ஏறும் வழியில் ஏதாவது கோளாறு நேர்ந்தால் வீரர்கள் அமர்ந்திருக்கும் கலத்தை ராக்கெட்டிலிருந்து பிய்த்து அப்பால் கொண்டுபோகும் அமைப்பைச் சோதிப்பதற்காகவே செய்த வாகனம் அது. அதுவரை நான் படமெடுத்த ராக்கெட்டுகள் எல்லாம் ஒழுங்காக மேலே போய்ச் சேர வேண்டியவை. இது பாதி வழியில் கைவிடப்படுவதற்கென்றே கிளம்புவது. எனக்கு வேண்டியிருந்த படம் அந்தப் பிரிவுதான். நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போகும் காட்சியை ஏற்கெனவே இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் சொதப்பியிருந்தேன்.

முதல் முறை 2022 அக்டோபர் 23, நள்ளிரவு 12.07. 36 செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு இஸ்ரோவின் கனரக ராக்கெட்டான எல்விஎம்3 கிளம்பியது. இரவு ஏவுதலில் ஷட்டரை இரண்டு, மூன்று நிமிடம் திறந்தே வைத்தால், ராக்கெட் போகும் பாதை முழுவதும் ஒரே வில்லாகப் பதியும். முக்காலி இருந்தால் போதும், இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். இருட்டுதானே என்று லென்ஸின் துளையை அகலமாக எஃப் 5.6-இல் வைத்திருந்தேன். ஆனால் எல்விஎம்3-இன் இரு பக்கமும் இருப்பவை, கிளம்பும்போது அதை மேலே தள்ளும் எஸ்200 பூஸ்டர்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 டன் திட எரிபொருள். அது பற்றிக்கொண்டதும் ஏரி வெளுத்துவிட்டது. என் காலடிச் செருப்பின் வார் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், வில் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெறும் வெள்ளைப் பட்டை. துளையை எஃப் 16 வரை சுருக்கி, ஒளியுணர்வின் அளவான ஐஎஸ்ஓவை 100-இல் வைத்திருக்க வேண்டும். அது அப்புறம் தெரிந்து என்ன பயன்?

இரண்டாவது, 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35, சந்திரயான்-3. இம்முறை வெளிச்சக் கணக்கு சரி, ஃபோகஸ் போயிற்று. தானியங்கி ஃபோகஸை நம்பினேன். நடுப்பகல் வெயிலில் ஏரியின் மேல் கானல் நெளிந்துகொண்டிருந்தது. லென்ஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் ஒன்றில்கூட ராக்கெட்டின் விளிம்பு கூர்மையாக இல்லை. இன்னொன்றும் நடந்தது. அடிவானத்துக்கு ஏற்ற உயரத்தில் முக்காலியை நிறுத்தியிருந்தேன். ராக்கெட் மேலே ஏற ஏற லென்ஸ் நிமிர்ந்தது. கேமராவின் பின்பக்கம் என் தாடைக்குக் கீழே இறங்கியது. கடைசி அரை நிமிடம் முழங்கால் போட்டுச் சேற்றில் உட்கார்ந்து, எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சுட்டுத் தள்ளினேன்.

ஆக, மூன்றாம் முறை போகும்போது என் கையில் இரண்டு பாடங்கள் இருந்தன. விடியும் முன்பே தூரத்தில் ஒரு விளக்கைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் ஃபோகஸ் வைத்து, வளையத்தின் மேல் டேப் ஒட்டியாயிற்று. லென்ஸில் முடிவிலிக் குறி (∞) இருக்கிறதே என்று அதில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் அது சற்றுத் தள்ளித்தான் இருக்கும். முக்காலியையும் உயர்த்தி வைத்தேன். ஏவுதளத்துக்கும் எங்களுக்கும் நடுவே பழவேற்காடு ஏரியும் காடுமாகச் சுமார் 18 கி.மீ. வாகனத்தின் உயரமோ சுமார் 35 மீட்டர். 400 மி.மீ. லென்ஸ் வழியாகச் சென்சாரில் விழும்போது அது 1 மி.மீ.கூட இருக்காது. அந்தத் துணுக்குக்காகத்தான் இத்தனை பாடு.

8 மணி என்றிருந்த நேரம் வானிலையால் 8.30 ஆயிற்று, அப்புறம் 8.45. பிறகுதான் அந்த மரங்கள். வாகனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்காணிப்பில் தெரிந்த குறையைச் சரிசெய்து 10 மணிக்கு மறுபடி முயல்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது, சுற்றியிருந்தவர்களில் சிலர் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அந்த ஒன்றேகால் மணி நேரம் வேறொன்றைக் காட்டியது.

சும்மா உட்கார்ந்திருந்தபோது கேமராவின் அளவுகளைப் பார்த்தேன். நான் வைத்திருந்தது சந்திரயான்-3-இல் பூஸ்டர் சுடர் வெளுத்துவிடாமல் இருக்கக் குறைத்த வெளிச்சம். அட, இன்று பூஸ்டரே இல்லையே! டிவி-டி1-ஐ மேலே தள்ளுவது ஒரேயொரு விகாஸ் இன்ஜின், அதுவும் திரவ எரிபொருள். திட எரிபொருள்போல அது கண்ணைப் பறிக்காது. வானத்தில் வெண்புகை வாலையும் நெய்துவிட்டுப் போகாது. நான் போன ராக்கெட்டுக்குத் தயாராகி வந்திருக்கிறேன்! ஷட்டரை நொடியில் 2000-இல் ஒரு பங்காகவே விட்டுவிட்டு, ஐஎஸ்ஓவை இரண்டு படி ஏற்றினேன்.

அடுத்தது சூரியன். கிழக்கு பார்த்து நிற்கிறோம், காலை நேரம். கலம் பிரிய வேண்டிய உயரம் ஏறத்தாழ 12 கி.மீ. 18 கி.மீ. தள்ளி நிற்பவனுக்கு அது அடிவானத்திலிருந்து 30 பாகைக்குச் சற்று மேலே. கையை நீட்டி விரல்களை விரித்து அளந்து பார்த்தேன். 8.45-க்கு அது கிளம்பியிருந்தால், பிரியும் இடமும் சூரியனும் ஒரே உயரத்தில், ஒரு சாண் இடைவெளியில் இருந்திருக்கும். லென்ஸுக்குள் ஒளி சிதறிப் படம் முழுக்க வெளிறியிருக்கும். 10 மணிக்குள் சூரியன் நன்றாக மேலேறி விலகிவிடும். நின்றுபோன கவுன்ட்டவுன் எனக்கு நல்லதுதான் செய்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடிப்பார்கள்.

ஒரே ஒரு பொறுப்பை மட்டும் அக்கா மகளிடம் கொடுத்தேன். கிளம்பியதிலிருந்து விநாடிகளைச் சத்தமாக எண்ண வேண்டும். கண்ணைக் கேமராவில் பதித்துவிட்டால் எனக்குக் கடிகாரம் தெரியாது. 60 வந்ததும் பிரிவு. அதற்கு முன் மூன்று விநாடியில் நான் தொடர்ந்து சுட ஆரம்பிப்பேன். முன்னாலேயே தொடங்கினால் கேமரா மறுபடி திணறும்.

10 மணி. மரங்களுக்கு மேலே ஆரஞ்சாக ஒன்று தலைகாட்டியது. "ஒன்று, இரண்டு" என்று எண்ணத் தொடங்கினாள். நான் எதிர்பார்த்ததைவிடச் சுடர் மங்கல். வால் இல்லாததால் கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிக்க முடியாது. முக்காலியின் கைப்பிடியை மூச்சைப் பிடித்துக்கொண்டு உயர்த்தினேன். "நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது" வரை காதில் விழுந்தது. அதன் பிறகு அவள் குரல் இல்லை.

"மாமா, சத்தம்!"

18 கி.மீ. கடந்து வர ஒலிக்கு 50 விநாடிக்கு மேல் ஆகும். இதை அவளிடம் சொல்லி வைக்க மறந்திருந்தேன். ஏரிக்கு அப்பாலிருந்து யாரோ கனமான மேசையை இழுப்பதுபோல ஓர் உறுமல் வந்தது. அவள் வாயைத் திறந்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். எண்ணிக்கை அறுந்துவிட்டது. 55-ஆ, 58-ஆ? குத்துமதிப்பாகப் பொத்தானை அழுத்தினேன். கேமராவின் சடசடப்புக்கு நடுவே அவள் கத்தினாள்: "மாமா, உடைந்துவிட்டது!"

அழப்போகிறவள்போல இருந்தது அந்தக் குரல். உடையத்தான் வேண்டும் என்று காலையிலிருந்து நான்கு முறை சொல்லியிருந்தேன். கண்ணால் பார்க்கும்போது அதெல்லாம் நினைவுக்கு வராது போலிருக்கிறது. எனக்கே ஒரு கணம் அடிவயிறு கலங்கியது.

கலம் இன்னும் மேலேறி, 17 கி.மீ. அளவில் தப்பிக்கும் அமைப்பையும் உதறிவிட்டு, பாராசூட்டுகளில் இறங்கி, கரையிலிருந்து 10 கி.மீ. தள்ளிக் கடலில் விழுந்தது. கிளம்பியதிலிருந்து எல்லாம் சேர்த்து 9 நிமிடம்கூட இல்லை. பாராசூட் எதையும் என்னால் பிடிக்க முடியவில்லை; மூட்டத்தில் போய்விட்டது.

பிரிவு மட்டும் 11 படங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் உருப்படி. முழு அளவில் பெரிதாக்கினால் நீல வானத்தில் கலத்தைப் பிய்த்துக்கொண்டு போகும் திட எரிபொருள் மோட்டாரின் வெள்ளைப் பொறி, அதன் நுனியில் ஒரு புள்ளி, கீழே கைவிடப்பட்ட ராக்கெட் ஒரு கீறலாக. பார்ப்பவர்கள் லென்ஸில் தூசியா என்று கேட்கிறார்கள். அந்தப் புள்ளிக்குள் அன்று யாரும் இல்லை. 2018 அக்டோபர் 11-இல் ரஷ்யாவின் சோயுஸ் எம்எஸ்-10 கலத்தைச் சுமந்த ராக்கெட் பாதி வழியில் பழுதானபோது, இப்படிப் பிரிந்து வந்த கலத்துக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் உயிரோடு தரையிறங்கினார்கள். ககன்யானுக்குத் தேர்வான நால்வரின் பெயர்கள் வெளியானது 2024 பிப்ரவரியில். அவர்களில் சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் அமெரிக்காவிலிருந்து வேறொரு ராக்கெட்டில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பியபோது, நேரலையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது சுடரை அல்ல, கடிகாரத்தை. பக்கத்தில் ஒருத்தி முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

இப்போது முக்காலியின் காலில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்தில் மூன்று வரிகள்: எரிபொருள் எது? சூரியன் எங்கே? டேப் ஒட்டியாயிற்றா? அடியில் நான்காவதாக, வேறு கையெழுத்தில், பச்சை மையில்: சத்தம் வந்தாலும் எண்ணுவதை நிறுத்தக் கூடாது.