பழைய மிஷன் அறிக்கைகளை மின்னாக்கம் செய்த அனுபவம்

செங்கல்பட்டு வட்டாரத்தில் ஸ்காட்லாந்து மிஷனெரிகள் காலத்துச் சபை எங்களுடையது. சபை அலுவலகத்தின் மர பீரோவில் மிஷன் ஆண்டறிக்கைகள், பிரசங்கத் தொகுப்புகள், தமிழ் வினாவிடைப் புத்தகங்கள் எல்லாம் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் பொறுப்பை நானும் சபை வாலிபர்கள் சிலரும் ஏற்றுக்கொண்டோம். இப்படிப்பட்ட பீரோ பல சபைகளில் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அனுமதிதான் முதல் படி. கமிட்டிக் கூட்டத்தில் வயதான மூப்பர் ஒருவர், "தம்பி, புத்தகம் காம்பவுண்டை விட்டு வெளிய போகக் கூடாதுப்பா" என்றார். அவர் சொன்னது நியாயம். எல்லா வேலையையும் சபை வளாகத்துக்குள்ளேயே செய்வதாக எழுதிக் கொடுத்தோம். காப்புரிமை பற்றியும் கேட்டார்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் நூல் பொதுவுடைமை. எங்களிடம் இருந்தவற்றில் பெரும்பகுதி அந்த எல்லையைத் தாண்டியது.

தொடுவதற்கு முன் இணையத்தில் தேடிப் பார்த்தது நல்லதாயிற்று. எடின்பரோவிலும் லண்டனிலும் அச்சான நூல்கள் பல ஏற்கெனவே இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் இருக்கின்றன. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி நூலகமே ஏராளமாக ஏற்றியிருக்கிறது. அதனால் சென்னையில் அச்சான சிறு பிரசுரங்களுக்கும் அறிக்கைகளுக்கும் முன்னுரிமை கொடுத்தோம். அவைதான் வேறெங்கும் கிடைக்காமல் போகக்கூடியவை.

தாளைப் பற்றி ஒரு வியப்பு. 1840களின் புத்தகம் இன்னும் வளைந்து கொடுக்கிறது. 1890களுக்குப் பிந்தையது ஓரத்தைத் தொட்டாலே உதிர்கிறது. பழையது துணிக்கந்தலில் செய்த தாள், பிந்தையது மரக்கூழ். அதிலிருக்கும் அமிலமே தாளைத் தின்றுவிடுகிறது. மென்மையான பிரஷ்ஷால் புத்தகத்தின் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் தூசி தட்டினோம். வெயிலில் காயவைக்கவில்லை. கிழிசலுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். யாரோ முன்பு ஒட்டியிருந்த டேப் காய்ந்து விழுந்துவிட்டது. அதன் பசை மட்டும் பழுப்புப் பட்டையாக எழுத்தின்மேல் தங்கிவிட்டது. லேமினேஷனும் கூடாது.

தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் தையல் விட்டுப்போகும். இரண்டு சாய்வுப் பலகைகளை 'வி' வடிவில் வைத்து, மேலிருந்து கேமராவால் எடுத்தோம். கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள். ஓரங்களில் பழைய போதகர்கள் பென்சிலால் எழுதிய குறிப்புகள் வண்ணப் படத்தில்தான் தெரியும். மூலப் படம் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக, வாசிக்க பிடிஎஃப்.

இதுவரை சொன்னதைப் பொறுமை இருந்தால் யாரும் செய்துவிடலாம். உண்மையான உழைப்பு விவரப்பட்டியலில்தான். ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னை வந்து தொடங்கிய ஸ்காட்லாந்து சபை மிஷன், 1843இல் அந்தச் சபை பிளந்தபோது பிரிந்துபோன சுயாதீன சபையோடு (Free Church) போனது. 1900இல் ஐக்கிய சுயாதீன சபையின் மிஷன் ஆனது. 1929இல் மறுபடியும் ஸ்காட்லாந்து சபை. இங்கேயோ 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947இல் சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை. ஒரே பள்ளிக்கூடத்தின் அறிக்கை நான்கைந்து பெயர்களின் கீழ் சிதறிக் கிடக்கிறது. இவை எல்லாம் பிரஸ்பிடேரியன் மரபிலிருந்து வந்தவை என்று 'பிரஸ்பிடேரியன்' எனத் தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படாது. எனவே ஒவ்வொரு கோப்பிலும் அந்தந்த ஆண்டின் பெயரோடு மற்றப் பெயர்களையும் சேர்த்தே பதிந்தோம்.

அதைவிட முக்கியமானது ஆட்களின் பெயர். நூலகப் பட்டியல்களில் ஆண்டர்சன், ஜான்ஸ்டன், பிரெய்ட்வுட் போன்ற ஸ்காட்லாந்து மிஷனெரிகள் இருப்பார்கள். 1841இல் ஞானஸ்நானம் பெற்றுப் பின்னாளில் குருவான ராஜகோபாலைத் தேடினால், ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல் இல்லை. உபதேசியார்களும், பெண்களிடையே ஊழியம் செய்த வேதாகம ஸ்திரீகளும் அறிக்கையின் நடுப்பக்கத்தில் ஒரு வரியில் வந்துபோகிறார்கள். அந்த வரிகளைப் பக்க எண்ணோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும், எல்லா எழுத்துக்கூட்டல்களோடும் குறித்துக்கொண்டே போனோம். மெதுவான வேலைதான், ஆனால் இந்த ஒன்றுக்காகவே முழு முயற்சியும் தகும் என்பேன். கண்டெடுக்க முடியாத கோப்பு பீரோவில் கிடந்தால் என்ன, இணையத்தில் கிடந்தால் என்ன?

தமிழ்ப் பக்கங்களை, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கும் எழுத்துணரி (OCR) மென்பொருளில் போட்டபோது 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்துகள் தடுக்கின. துதிக்கை போல் வளைந்த பழைய 'லை', 'னை', கொக்கி போட்ட 'றா', 'னா' வரும் இடமெல்லாம் பிழை. விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையின் 107 கேள்விகளையும் கையால்தான் திருத்தினோம். அதை மனப்பாடமாகத் தெரிந்த பாட்டி ஒருவர் துணைக்கு உட்கார்ந்தார். கிழிந்த பக்கத்தின் சொற்களை அவர் வாயால் சொல்லச் சொல்ல நாங்கள் தட்டச்சு செய்தோம். அப்படிச் சேர்த்த சொற்களைச் சதுர அடைப்புக்குள் தனியாகக் காட்டியிருக்கிறோம்.

கோப்புகள் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு கட்டடங்களில் இருக்கின்றன. பொதுவுடைமையானவை மட்டும் இணையத்திலும். ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படம் எடுத்தோம், ஏற்றவில்லை. அவற்றில் குடும்பங்களின் சாதி, பெற்றோர் விவரம் எல்லாம் இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் இன்றும் இதே ஊரில் வாழ்கின்றன. தங்கள் முன்னோரைத் தேடி வருகிறவர்களுக்கு ஆயரின் அனுமதியோடு அந்தப் பக்கத்தை மட்டும் காட்டுவதென்று கமிட்டி தீர்மானித்தது.