குன்னூரில் கேட்டதும் கோவையில் அளந்ததும்: என் சிட்டி விடெக்கின் பதினான்கு மாதங்கள்

போன சனிக்கிழமை கோவைப் பக்கத்துச் செட்டிபாளையம் பந்தயத் தடத்தில் 10.72 நொடி வந்தது. 201 மீட்டருக்கு, அதாவது எட்டில் ஒரு மைலுக்கு. பதினான்கு மாதத்துக்கு முன்னால் இதே வண்டியை இதே இடத்தில் நானே ஓட்டியபோது 11.31. நடுவில் இருப்பது அரை நொடியும் சொச்சமும். அதற்காக எதையெல்லாம் மாற்றினேன், எதைத் திரும்பக் கழற்றினேன் என்று எழுதி வைக்கிறேன். மலையில் இருந்துகொண்டு வண்டி செய்கிறவர்கள் நான் பட்ட அதே பாட்டைப் பட வேண்டாம்.

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். கோத்தகிரியில் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வைத்திருந்தது. டர்போ எதுவும் கிடையாது. கம்பெனி சொன்ன கணக்கு 106 குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோவை ஒட்டி. ஐயாயிரம் ஆர்பிஎம் பக்கம் போகும்போது விடெக் அமைப்பு வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கவைக்கும், இஞ்சினின் குரல் மாறும். அந்த ஒரு குரலுக்காகத்தான் இருபது வருஷம் பழைய வண்டியை வாங்கினேன். நீலகிரி ஈரத்தில் பின்சக்கர வளைவு இரண்டும் துருப்பிடித்திருந்தன. அந்த வேலைக்கே இரண்டு மாதம் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்தோம்.

ஓட்டிப் பார்த்த இடம் கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி இஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய கோவைக்காரர் கரிவர்தனின் நினைவாகப் பெயர் வைத்து 2003-இல் திறந்த தடம். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பணம் போட்டு, ஆளுக்குச் சில ஓட்டம் எடுப்போம். கால் மைல் முழுதாக ஓடாமல் 201 மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறோம், பிரேக் பிடிக்கத் தாராளமாக இடம் வேண்டும் என்பதால். நேரம் பிடிக்க ஒரு ஜிபிஎஸ் பெட்டி. அது மொத்த நேரத்தோடு முதல் 60 அடிக்கான நேரத்தையும் தனியாகக் காட்டும். 60 அடி என்பது 18.3 மீட்டர். இந்தச் சின்ன எண்ணை நான் முதலில் கவனிக்கவே இல்லை.

சாலையில் இதெல்லாம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. சட்டத்தை விடுங்கள், எங்கள் ஊர் வளைவுகளில் எதிரே பள்ளிக்கூட வேன் வரும், காட்டுமாடு நிற்கும். கல்லட்டிப் பாதையின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று மலைக்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதல் முறை போனபோது வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. புது பிளக், புது ஆயில், வால்வ் இடைவெளி சரிபார்த்தது, அவ்வளவுதான். 11.31. 60 அடிக்கு 2.58. சரி, இதுதான் அடித்தளம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு மேலே வந்தேன்.

அப்புறம் ஏழு மாதம் குன்னூரிலேயே வேலை. இஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் ஹெட்டர் பைப்பை மாற்றினேன், நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகச் சேரும் வகை. பின்னால் சைலன்சர் பழையதே, சத்தம் ஏறக் கூடாது. காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு இஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஒரு கோன் ஃபில்டர், கூம்பு வடிவக் காற்று வடிகட்டி. பிளக்கில் பொறி கொஞ்சம் முன்னதாகவே பாயட்டும் என்று டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, டைமிங் லைட் அடித்து, கிராங்க் புல்லியின் சிவப்புக் கோட்டிலிருந்து நான்கு டிகிரி முன்னால் தள்ளி வைத்தேன். இஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றி, எடை குறைக்கக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன்.

ஃப்ளைவீல் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தராசில் வைத்தபோது ஏழரை கிலோ. லேத்காரர் சுத்தியலின் காம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, “வார்ப்பிரும்புங்க. நடுவுல கை வைக்க மாட்டேன். வெளி விளிம்புல பின்பக்கம் மட்டும் எடுக்கறேன். அதுக்கு மேல கேக்காதீங்க” என்றார். அவர் சொன்னது இரண்டு வகையில் சரி. சுழலும் சக்கரத்தில் மையத்திலிருந்து தள்ளியிருக்கும் எடைக்குத்தான் பலன் அதிகம்; தூரம் இரண்டு மடங்கானால் அதன் பங்கு நான்கு மடங்கு. மையத்தில் எடுத்தால் லாபமும் இல்லை, ஏழாயிரம் ஆர்பிஎம்மில் வெடித்து ஓட்டுகிறவன் காலுக்கே வரும். ஐந்தே முக்கால் கிலோவுக்குக் கொண்டுவந்து பேலன்ஸ் பார்த்துக் கொடுத்தார். வெளி விளிம்பில் கடைந்த கோடுகள் இசைத்தட்டின் கோடுகளைப் போல மெல்லியதாக, ஒரே சீராக இருந்தன. மாட்டுவதற்கு முன் வீட்டு மேசையில் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

மாட்டிய பிறகு வண்டி பிரமாதம் என்றுதான் நினைத்தேன். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் ஊசி துள்ளியது. லவ்டேல் ஏற்றத்தில் கோன் ஃபில்டர் உறுமும் சத்தம் உள்ளேயே கேட்டது. நான்கு டிகிரி தள்ளியும் இஞ்சின் ஒரு முறைகூடத் தட்டவில்லை, அதாவது உள்ளே பெட்ரோல் தானாக வெடித்து எழுப்பும் சத்தம் வரவில்லை. ஆறு டிகிரி வைத்தால் என்ன என்றுகூட யோசித்தேன். குன்னூரில் எனக்கு உதவும் மெக்கானிக் அண்ணன்தான் தடுத்தார்.

“தம்பி, இங்க காத்தே கம்மி. உள்ள போறதே கம்மின்னா அது எப்படித் தட்டும்? கீழ கொண்டு போ, அப்ப வாய் தொறந்து பேசும்.”

அவர் சொன்னதைக் கேட்டு நான்கோடு நிறுத்தினேன். ஆனால் முழுசாகப் புரியவில்லை.

இரண்டாவது முறை செட்டிபாளையம். மதியம் 36 டிகிரி. முதல் ஓட்டத்தில் இரண்டாம் கியரில் கால் முழுக்க அழுத்தியபோது, தகர டப்பாவில் சோளத்தைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்தேன். எடுத்தவரை வந்த நேரத்துக்கு அர்த்தமில்லை. காலை எடுக்காமல் இன்னொரு முறை ஓடியிருந்தால் பிஸ்டனின் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தோம். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள், நடுவில் ஒன்றிரண்டு மட்டும் வெள்ளி போல மின்னின. மின்னுகிறது பிஸ்டனின் அலுமினியம்.

அன்றைக்குத்தான் அலைபேசியில் காற்றழுத்தம் பார்த்தேன். குன்னூர் 1850 மீட்டர் உயரம், அங்கே 810 மில்லிபார் பக்கம் காட்டும். செட்டிபாளையத்தில் 965. ஆறில் ஒரு பங்கு வித்தியாசம். கடல் மட்டத்தோடு பார்த்தால் குன்னூரில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதாவது என் இஞ்சின் மேலே இருக்கும்போது 106 குதிரை இல்லை, எண்பத்தைந்து பக்கம்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அதனால் பெட்ரோல் தானாக வெடிக்கிற பயமும் குறைவு. நான்கு டிகிரி தாங்குகிறது என்று ஏழு மாதம் நம்பினேன். தாங்கியது இஞ்சின் இல்லை, உயரம். மேலே குளிர் வேறு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆகவே இழந்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், கூடவே தட்டலையும் அடக்கிவிடும். மலை இரண்டு வகையிலும் தவறை மூடி வைக்கிறது.

டைமிங்கைப் பழைய கோட்டுக்குத் திருப்பி வைத்து ஓடினேன். 11.44. இத்தனை மாற்றத்துக்குப் பிறகு முன்னைவிட மெதுவு!

அன்று மாலை நிழலில் உட்கார்ந்து இரண்டு காரணம் கண்டுபிடித்தோம். ஒரு நண்பர் தன் வீட்டு மீன்தொட்டியின் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்திருந்தார், நீள ஒயரின் முனையில் உணரி இருக்கும் வகை. அதைக் கோன் ஃபில்டருக்குள் விட்டு, பானட்டை மூடி, வரிசையில் நிற்கிற மாதிரி பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டோம். 58 டிகிரி. வெளியே அப்போது 34. இஞ்சின் குடிப்பது ஹெட்டர் பைப் காய்ச்சிக் கொடுக்கும் காற்று. 24 டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏழு சதவீதம் இறங்கும். குன்னூருக்குத் திரும்பி வந்து இதே சோதனையை ஓடும் வண்டியில் செய்தேன், 29 டிகிரிதான் காட்டியது. மேலே இருந்தவரை அந்த ஃபில்டரைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைத்திருக்காது.

இரண்டாவது காரணம் ஃப்ளைவீல். 60 அடி நேரம் 2.58-லிருந்து 2.71-க்குப் போயிருந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டியை முதலில் தள்ளுவது ஃப்ளைவீலில் சேர்த்து வைத்த சுழற்சி. அதைக் கடைந்து எடுத்துவிட்டேன். கிளட்ச்சை விட்டதும் ஆர்பிஎம் சடாரென்று விழும், இஞ்சின் திணறும். கூடுதல் ரேஸ் கொடுத்தால் முன்சக்கரம் வெறுமனே சுற்றும். நடுவில் சரியான இடம் ஒரு நூலிழை. உண்மையில் மலையிலேயே இது ஜாடையாகத் தெரிந்தது. பர்லியார் தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று கிளம்பும்போதெல்லாம் இரண்டு மூன்று முறை இஞ்சின் அணைந்திருக்கிறது. பழக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் மூன்றாம் சுற்றில் கழற்றும் வேலைதான் அதிகம். லேத்காரரின் அழகான வேலை இப்போது அலமாரியில் இருக்கிறது. கழிவுக் கடையில் முழு எடை ஃப்ளைவீல் ஒன்றை வாங்கி மாட்டினேன். கம்பெனி காற்றுப் பெட்டி திரும்ப வந்தது. அதன் வாயிலிருந்து பம்பருக்குப் பின்னால் வரை 75 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை இழுத்து, வெளிக்காற்று நேராக வரும்படி செய்தேன். டைமிங் கோட்டிலிருந்து இரண்டே டிகிரி, கூடவே தட்டலை அதிகம் தாங்கும் 95 ஆக்டேன் பெட்ரோல். இந்த இரண்டு டிகிரியை வைத்தது குன்னூரில் இல்லை, செட்டிபாளையத்தில் மதிய வெயிலில்.

இஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ரப்பர்கள் வெடித்திருந்தன. கிளம்பும்போது இஞ்சின் பின்னால் சாய்ந்து குதித்ததால் சக்கரம் தரையைப் பிடித்துப் பிடித்து விட்டது. புது ரப்பர் போட்டு, கீழ் மவுண்ட்டின் இடைவெளியில் மட்டும் பாலியூரித்தேன் ஊற்றி இரண்டு நாள் இறுக விட்டேன். நின்றிருக்கும்போது டாஷ்போர்டு இப்போது நடுங்குகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட் எல்லாம் இறக்கினால் 38 கிலோ. முன்சக்கரம் இழுக்கும் வண்டி கிளம்பும்போது எடை பின்னால் போகும், இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகும். அதனால் முன் டயர் காற்றை 24 பிஎஸ்ஐ-க்கு இறக்கி, பின்னால் 38 வைத்தேன். திரும்பும்போது முதல் பெட்ரோல் பங்கிலேயே நான்கையும் 32-க்குக் கொண்டுவந்து, சீட்டையும் ஸ்டெப்னியையும் மாட்டித்தான் மலை ஏறுவேன். காற்றுக் குறைந்த டயரோடு வளைவில் திரும்புவது தற்கொலை.

கடைசி நாள் மொத்தம் ஒன்பது ஓட்டம். முதல் நான்கில் 3500, 2800, 3000, 3400 என்று ஆர்பிஎம் மாற்றி மாற்றித் தேடினேன். 3200-இல் வைத்து, கிளட்ச்சைப் படக்கென்று விடாமல் பாதிவரை விட்டு ஒரு கணம் பிடித்து, பிறகு முழுதாக விட்டபோது வண்டி நழுவாமல் நகர்ந்தது. 60 அடிக்கு 2.37. மொத்தம் 10.72. அரை நொடிச் சொச்ச லாபத்தில் 0.21 முதல் 18 மீட்டரிலேயே வந்துவிட்டது. அடுத்த இரண்டு ஓட்டமும் 10.75, 10.78. தற்செயலாக வந்த ஒரு எண் இல்லை என்பதில்தான் எனக்கு அதிக சந்தோஷம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பீங்கான் சுத்தமாக இருந்தது.

கடைசியில் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு, கிளம்பிய இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன். என் வண்டி விட்டுப்போன தடத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடு, அதுவும் இரண்டு மீட்டர்தான். இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது சாதாரண டிஃபரன்ஷியல், ஆகவே பிடி குறைந்த ஒரு சக்கரம்தான் நழுவுகிறது; மற்றதும் அதைவிட அதிகமாக இழுக்க முடிவதில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து இழுக்க வைக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வாங்க இப்போது கையில் காசு இல்லை. அதுவரை பின் ஸ்பிரிங்கை இருபது மில்லிமீட்டர் உயர்த்தி, எடை முன்னாலேயே நிற்கிறதா என்று பார்க்கப் போகிறேன். ஸ்பிரிங்கின் அடியில் வைக்கும் ரப்பர் கட்டைகள் வந்துவிட்டன. மழை விட்டதும் மாட்டுவேன், செட்டிபாளையத்தில் அளப்பேன்.