'வுட் ரேதர்' பாடமும் கோச்சிங் சென்டர் ஜெராக்ஸும்

ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு முடிந்துவிட்டது. நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 கேட்கிறது. எனக்கு அது கிடைத்துவிட்டது. ஆனாலும் கிருஷ்ணகிரியில் பணம் கட்டிப் படித்த கோச்சிங் சென்டர் மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. அடுத்து சேர்கிறவர்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பதிவு, பணம், தேதி எல்லாம் ஆன்லைனில் சுலபமாக முடிந்தது. பிரச்சினை அவர்கள் கொடுத்த நோட்ஸில் ஒரு பக்கம். முன்பு எது பிடித்தது, எதைச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்கிற பாடம் அது. 'இதைவிட அது தேவலை' என்று சொல்ல வருகிற 'வுட் ரேதர்' போட்டு இறந்தகால வினையைச் சேர்த்தால் போதுமாம். உதாரணம்: 'ஐ வுட் ரேதர் வென்ட் பை ட்ரெயின்'. இப்படி ஒரு வாக்கியமே ஆங்கிலத்தில் கிடையாது. அதற்குக் கீழே 'ஐ ப்ரிஃபர்டு வாக்கிங் தேன் சைக்கிளிங்'. அதுவும் தப்பு. 'ப்ரிஃபர்' வந்தால் ஒப்பிடும் இடத்தில் 'டு' வர வேண்டும்.

எங்கள் வார்டில் ஏற்கெனவே தேர்வு முடித்த அக்கா ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தார். சென்டரில் போய்க் கேட்டால், "கிராமரை எல்லாம் யாரும் பாக்க மாட்டாங்கம்மா, சரளமா பேசினா போதும்" என்றார் சார். இது பச்சைப் பொய். ஸ்பீக்கிங்கில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம பங்கு. கால்வாசி மதிப்பெண் இலக்கணத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் உட்கார்ந்து பேசலாம் என்று சொன்னதை நம்பி, டூட்டி மாற்றிக்கொண்டு காவேரிப்பட்டினத்திலிருந்து போனேன். பூட்டிக் கிடந்தது.

அப்புறம் நைட் டூட்டியில், பழைய டூட்டி சார்ட்டின் பின்பக்கத்தில் அக்காவே எழுதிக் காட்டினார். பஸ்ஸில் வந்தாயிற்று, ரயிலில் வந்திருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. அதற்கு 'ஐ வுட் ரேதர் ஹேவ் கம் பை ட்ரெயின்'. 'ஹேவ்' கட்டாயம், அதற்குப் பிறகு வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ வுட் ஹேவ் ப்ரிஃபர்டு டு கம் பை ட்ரெயின்' என்றாலும் சரி. இரண்டிலுமே ரயிலில் வரவில்லை என்பது உள்ளே இருக்கிறது. நிஜமாகவே பழக்கமாக இருந்த விருப்பத்துக்கு இது ஆகாது. அதற்கு வெறும் 'ப்ரிஃபர்டு' போதும். இப்போது மாறிவிட்டது என்றால் 'யூஸ்டு டு ப்ரிஃபர்'.

நோட்ஸ் எழுதியவர் எங்கே குழம்பினார் என்பதையும் அக்கா காட்டினார். 'ஐ வுட் ரேதர் யூ கேம் டுமாரோ' என்று ஒன்று உண்டு. வேறொருவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும்போது வினை இறந்தகாலத்தில் இருக்கும், ஆனால் பேச்சு நாளையைப் பற்றியது. அந்த வடிவத்தைத் தூக்கி, நானே செய்வதைச் சொல்கிற வாக்கியத்தில் ஒட்டிவிட்டார்கள். வேறொருவர் முன்பே செய்திருக்க வேண்டியது என்றால் 'ஐ வுட் ரேதர் யூ ஹேட் டோல்டு மீ'. இதை நன்றாகப் பழகுங்கள், பேச்சில் அடிக்கடி தேவைப்படும்.

தேர்வு பெங்களூரில். பாஸ்போர்ட் அசல் கையில் இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். ஆதாரை மட்டும் கொண்டுவந்த ஒரு பையனை என் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார்கள்.

ஸ்பீக்கிங்கில் சின்ன வயதில் பிடித்த பழம் எது என்று கேட்டார்கள். நம் ஊர்க்காரிக்கு இதைவிட நல்ல கேள்வி வேண்டுமா! 'ஐ யூஸ்டு டு ப்ரிஃபர் செந்தூரா டு மல்கோவா' என்று ஆரம்பித்து மாந்தோப்பு வரை போய்விட்டேன். நர்சிங்தான் முதல் விருப்பமா என்றதற்கு, 'ஐ வுட் ஹேவ் ப்ரிஃபர்டு டு ஸ்டடி பார்மசி' என்று தடங்காமல் வந்தது. வெளியே வந்ததும் அக்காவுக்குத்தான் முதல் போன்.

ரைட்டிங்குக்கு ஒன்று: 'ப்ரிஃபர்டு' எழுதும்போது நடுவில் இரண்டு 'ஆர்', 'ப்ரிஃபரன்ஸ்' என்றால் ஒன்றுதான். அந்த சென்டரில் இன்னும் அதே ஜெராக்ஸைத்தான் கொடுக்கிறார்களாம். கையில் வாங்கியதும் 'வுட் ரேதர் வென்ட்' என்று இருப்பதை அடித்துவிட்டு, மேலே 'வுட் ரேதர் ஹேவ் கான்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.