ராஜாவை அனுப்பி வைத்த ஓட்டுச்சீட்டு

சிறு வயதில் ஆடி அமாவாசைக்கு ஆச்சியோடு காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், ராஜ உடையில் அமர்ந்திருக்கும் சிங்கம்பட்டி ஜமீன் முருகதாஸ் தீர்த்தபதியைக் கூட்டத்தோடு நின்று கும்பிட்டிருக்கிறேன். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிக்கப்பட்ட பின்னரும், 2020-இல் அவர் மறையும் வரை, எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்தில் அவர் ராஜாதான். அவரைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே ஆச்சி, 1952 தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் நிமிர்ந்து உட்காருவாள். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட வேண்டும். "யாருக்குப் போட்டேன்னு உங்க தாத்தாட்ட கூட நான் சொல்லல" என்பாள்.

இத்தாலி முடியாட்சியைக் கைவிட்ட வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் நினைவு வருகிறது. அங்கே மன்னரை நீக்கியது புரட்சியும் அல்ல, வெளியிலிருந்து வந்த படையும் அல்ல; 1946 ஜூன் 2, 3 தேதிகளில் மக்கள் போட்ட ஓட்டு.

அப்போதைய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மீது மக்களுக்கு இருந்த கோபத்துக்குக் காரணங்கள் பல. 1922-இல் முசோலினியைப் பிரதமராக்கியவர் அவர். 1938-இல் யூதர்களுக்கு எதிரான சட்டங்களில் கையெழுத்திட்டவரும் அவரே. ஆனால் என்னைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்த காயம் 1943 செப்டம்பரில் ஏற்பட்டது. நேச நாடுகளோடு போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்ட மறுநாள் விடியலிலேயே மன்னரும் பிரதமரும் ரோமை விட்டுக் கிளம்பித் தெற்கே பிரிண்டிசிக்குப் போய்விட்டார்கள். தெளிவான உத்தரவு ஏதுமின்றி விடப்பட்ட படைவீரர்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரை, அதுவரை கூட்டாளிகளாக இருந்த ஜெர்மானியரே பிடித்து முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் அந்த மண்ணில் நடந்த போரில் நம் இந்தியப் படையின் 4, 8, 10-ஆம் டிவிஷன்களும் இரத்தம் சிந்தின என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு மன்னர் தன் மகன் உம்பெர்த்தோவிடம் முடியை ஒப்படைத்துவிட்டு எகிப்துக்குப் போனார். காலம் கடந்துபோன செயல் அது. சீட்டில் இரண்டு சின்னங்கள் இருந்தன: குடியரசுக்கு, கோட்டைச் சுவர் போன்ற முடி சூடிய பெண்ணின் தலை, முடியாட்சிக்கு, அரச குடும்பத்தின் கேடயமும் கிரீடமும். நாடு தழுவிய தேர்தலில் பெண்கள் வாக்களித்தது அதுவே முதல் முறை. சீட்டை மடித்து, ஓரத்துப் பசையை நாவால் ஈரப்படுத்தி ஒட்ட வேண்டியிருந்ததால், கறை பட்டு ஓட்டு செல்லாமல் போய்விடக் கூடாதே என்று, உதட்டுச்சாயம் பூசாமல் வரும்படி மிலான் நாளிதழ் ஒன்று பெண்களுக்கு அறிவுரை சொன்னது. இவ்வளவு கவனத்தோடு காக்கப்பட்ட அந்தச் சீட்டுகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

குடியரசுக்கு 1 கோடியே 27 லட்சம் ஓட்டுகளும், முடியாட்சிக்கு 1 கோடியே 7 லட்சம் ஓட்டுகளும் விழுந்தன. வடக்கு ஒரு பக்கம், தெற்கு மறுபக்கம். நேப்பிள்ஸில் ஐந்தில் நான்கு பங்கு மன்னருக்கே. முடிவு வந்தபின் அந்நகரில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. முறைகேடு என்று முறையிட்ட உம்பெர்த்தோ, ஆயினும் படையைத் திரட்டாமல், ஜூன் 13 அன்று விமானம் ஏறிப் போர்ச்சுகலுக்குப் போய்விட்டார். உள்நாட்டுப் போர் மூளாமல் போனதில் அவருக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

தோற்ற பக்கம் இவ்வளவு பெரியதாக இருந்ததனால்தான், வென்றவர்கள் நிதானமாக நடந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். நாட்டின் இடைக்காலத் தலைவராக அரசியல் நிர்ணய சபை தேர்ந்தெடுத்தது, முடியாட்சியை விரும்பிய நேப்பிள்ஸ் நகரத்து வழக்கறிஞர் என்ரிக்கோ தெ நிக்கோலாவை. 556 பேர் கொண்ட அந்தச் சபையில் 21 பெண்கள் இருந்தனர். கத்தோலிக்கரும் பொதுவுடைமையரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதிய அரசியலமைப்பு, 453-க்கு 62 என்ற கணக்கில் நிறைவேறி, 1948 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதில் எனக்கு உடன்பாடில்லாத விதி ஒன்று உண்டு. முன்னாள் மன்னர்களும் அவர்களுடைய ஆண் வாரிசுகளும் நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்ற அந்தத் தடை 2002 வரை நீடித்தது. சிங்கம்பட்டியாருக்கு அதிகாரம் போன பிறகும் சொரிமுத்தையனார் கோயிலில் ஓர் இருக்கை இருந்தது. உம்பெர்த்தோ 1983-இல் ஜெனீவாவில் இறந்தபோது அவருடைய உடலைப் பிரான்சில்தான் அடக்கம் செய்தார்கள்.