ஒரு கோலா டப்பா

கோர்மக் மெக்கார்த்தியின் ‘தி ரோடு’ நாவலை மறுபடியும் எடுத்து, இன்று மதியம் அந்தக் கோலா டப்பா வரும் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

உலகம் அழிந்தபின் சாம்பல் படிந்து கிடக்கும் அமெரிக்காவில் மகனோடு தெற்கு நோக்கி நடக்கும் தகப்பன், சூறையாடப்பட்ட குளிர்பான இயந்திரத்துக்குள் கையை விட்டுத் துழாவி, எஞ்சியிருந்த ஒரு கோலாவை எடுத்து மகனிடம் நீட்டுகிறான். பையன் ஒரு வாய் குடித்ததும் அப்பாவையும் குடிக்கச் சொல்கிறான்.

இனி இன்னொன்று தனக்குக் கிடைக்கப்போவதில்லை என்பது அந்தச் சிறுவனுக்கே புரிந்துவிடுகிறது.

2006இல் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற இந்நாவலில், உலகம் எதனால் அழிந்தது என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. மெக்கார்த்தி இதைத் தம் அறுபது வயதுக்குமேல் பிறந்த இளைய மகனுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். அதை அறிந்த பிறகு, பிள்ளையைத் தனியே விட்டுப் போக நேருமோ என்ற முதிய தகப்பனின் அச்சமே எனக்கு ஒவ்வொரு வரியிலும் கேட்கிறது.

இவ்வளவு இருளை ஏன் விரும்பிப் படிக்கிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நெஞ்சு கனக்கிறது, தூக்கம் கெடுகிறது, உண்மைதான்.

ஆனால் மனிதரை மனிதர் தின்னும் அந்தச் சாலையில், எதிர்ப்படும் பார்வை மங்கிய கிழவருக்குச் சோறு கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் மன்றாடும் அந்தப் பையனுக்காக நான் இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் இதைப் படிப்பேன்.