பணியாரக்கல்லும் பனியன் துணியும்: நாய்க்குத் தீனி தேடும் விளையாட்டுப் பொருள்கள் செய்து பார்த்த அனுபவம்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கடலூரில் நாயை வெளியே அழைத்துச் செல்வது பெரும்பாடு. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை முகர்ந்து திரிந்து பழகிய எங்கள் நாட்டு நாய் கருப்பி, அடைமழை நாள்களில் வீட்டுக்குள் முடங்கிக் கதவைப் பிறாண்டத் தொடங்கிவிடும். அதன் மூக்குக்கு வேலை கொடுப்பதற்காக, வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டே சில விளையாட்டுச் சாமான்களைச் செய்து வருகிறேன்.

முதலில் செய்தது மோப்பப் பாய்; துணிப் பட்டைகளுக்கு இடையே ஒளித்துவைத்த தீனியை நாய் முகர்ந்து தேடி எடுப்பதற்கான பாய் இது. துளைகள் நிறைந்த ரப்பர் மிதியடியை எடுத்து, துளைதோறும் துணிப் பட்டைகளை நுழைத்து முடிச்சிட வேண்டும். குறிஞ்சிப்பாடிக் கைலி நெய்யும் இந்தப் பக்கத்தில் பழைய கைலிக்குப் பஞ்சமில்லை என்றாலும், தறித்துணியை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே வரும். நீண்ட நூலை நாய் விழுங்கினால் அது குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடக்கூடும். பின்னல் துணியான பனியன் அப்படிப் பிரிவதில்லை. வெட்டி இழுத்தால் ஓரம் தானாகச் சுருண்டுகொள்கிறது. ஆகவே பாய் முழுவதையும் இரண்டு விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள பனியன் பட்டைகளால் நிரப்பினேன். பட்டைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் மட்டுமே கருப்பி மூச்சை இழுத்து இழுத்துத் தேடுகிறது. இடைவெளி உள்ள ஓரங்களில் தீனியைக் கண்ணாலேயே பார்த்து எடுத்துவிடுகிறது.

அடுத்தது குழிகளில் தீனியை வைத்துப் பந்தால் மூடும் முறை. இட்லித் தட்டு இதற்குப் பொருந்தவில்லை. எடை குறைவு என்பதால் முன்காலால் ஒரு தட்டுத் தட்டினாலே கவிழ்ந்து எல்லாம் தரையில் கொட்டிவிடுகிறது. அதைத் தேடல் என்று சொல்ல முடியாது. பரணில் கிடந்த இரும்புப் பணியாரக்கல்லோ அசையவே இல்லை. டென்னிஸ் பந்தின் விட்டம் ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர் என்பதால் குழியின் வாய் நன்றாக மூடுகிறது. ஆனால் பந்துகள் ஒன்றோடொன்று முட்டுவதால் ஒன்றுவிட்டு ஒரு குழியில்தான் வைக்க முடிகிறது. சில பந்துகளுக்கு அடியில் எதுவும் வைக்காமல் விட்ட பிறகே கருப்பி கண்டபடி உருட்டுவதை விட்டு, முகர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது.

உணவைச் சும்மா கொடுத்தாலும் உழைத்துப் பெறுவதையே விலங்குகள் பல நேரம் விரும்புகின்றன என்று, 1963-இல் கிளென் ஜென்சன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் கருப்பியிடம் தீனித் தட்டையும் பாயையும் அருகருகே வைத்தால், அது தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் பாய்க்கு வருகிறது! எனவே அன்றாடத் தீனியில் ஒரு பங்கைத் தட்டில் போடாமல் பாய்க்கென்று ஒதுக்கிவிடுகிறேன்.

சோறும் குழம்புமாகப் பிசைந்த உணவு பாய்க்கு ஆகாது. உப்பில்லாமல் வேகவைத்து ஈரம் உலர்த்திய எலும்பில்லாத கோழித் துண்டும் கேரட்டும் போதும். கருவாட்டு வாசனைக்கு நாய் பறந்து வரும் என்றாலும் அதில் உப்பு மிகுதி. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு.

இப்போது மீதியிருக்கும் தொல்லை எறும்புதான். விளையாட்டு முடிந்ததும் பாயை உதறித் துவைத்தாலும் மழைக்காலத்தில் பனியன் துணி எளிதில் காய்வதில்லை. மாற்றி மாற்றிப் பயன்படுத்த இன்னொரு பாய்க்குப் பட்டைகள் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.