காருக்கு வாங்கிய வெல்டிங் மிஷின்

வீட்டில் வெல்டிங் மிஷின் இருக்கும் விஷயத்தைத் தெருவில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். நானும் சொல்லவில்லைதான், ஆனால் முதல் வெல்டிங் ராடைப் பற்ற வைத்த அன்றே அந்த நீல வெளிச்சம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டது.

வாங்கியதென்னவோ காருக்காக. 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நாலு கதவு வண்டி. இந்தக் கார் நம்ம தாம்பரம் தாண்டி வண்டலூர் பக்கம் இருந்த ஃபேக்டரியில் செய்தது, நான் வாங்கியதும் அதே பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையில்தான், அதாவது பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகாமலேயே துருப்பிடித்திருக்கிறது. மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்த டிசைன். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னால் சாயும். வண்டி 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். 948 சிசி எஞ்சின்தான், ரோட்டில் யாரையும் முந்தப் போவதில்லை. இதன் மூலமான இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கடைசிவரை ரெண்டு கதவுதான். நம்ம ஊரில் பாட்டி, சித்தப்பா, டிபன் கேரியர் என்று ஒரு குடும்பமே ஏறவேண்டுமே, அதனால் இங்கே மட்டும் நாலு கதவு வைத்தார்கள்.

வீட்டில் வைத்துக் கட்டுவதற்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. சேஸி என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி, பாடியும் போல்ட் போட்ட துண்டுகள்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் பிரித்துவிடலாம். போர்ட்டிகோவில் பிரித்துப் பரப்பியதில் இருந்து பழைய இரும்பு வாங்குகிறவர் தினமும் தன் மூணு சக்கர வண்டியை எங்கள் கேட் முன்னால் நிறுத்தி "என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். சேஸியிலிருந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு பாடியைத் தாங்கும் கைகளைச் சுத்தியலால் தட்டினால் தகரம் பொலபொலவென்று கொட்டியது. பார்க்க வந்த டிங்கர் ஒருவர், பட்டி போட்டு பெயின்ட் அடித்துவிடலாம், வெளியே தெரியாது என்றார். எதன்மேல் பட்டி போடுவது? அங்கே பாதி இடத்தில் காற்றுதான் இருந்தது. சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் ஒன்று வந்து இறங்கியது.

முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்து. ராடு இரும்பைத் தொடும் ஒவ்வொரு தடவையும் ஹாலில் லைட் ஒரு முறை மங்கி எழும். "டேய், ஏழு மணியிலேர்ந்து ஒன்பதரை வரைக்கும் நீ அதைத் தொடவே கூடாது" என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார்கள். கதாநாயகியைத் தள்ளிவிடுகிற நேரம் பார்த்து டிவி அணைந்துவிட்டால் அப்புறம் வீட்டில் யார் இருப்பது?

அப்புறம் தெரு வந்தது. முதலில் எதிர்வீட்டு கேட் கீல். அடுத்து துணி காயவைக்கும் ஸ்டாண்டு, கட்டில் கால், கோயில் உண்டியலுக்கு ஒரு கொண்டி. "உங்களுக்கு என்ன சார், ஒரு நிமிஷ வேலை" என்ற வாக்கியத்தை எல்லாரும் ஒரே இடத்தில் படித்துவிட்டு வந்தது போல் சொன்னார்கள். என் மனைவி உள்ளேயிருந்து, "என்னங்க, போர்டு எழுதி மாட்டிடலாமா?" என்றாள். காபி மட்டும் நிறையக் கிடைத்தது.

ஆனால் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கு வெல்டிங் வந்ததே இந்த ஓசி வேலைகளில்தான். கேட் இரும்பு கனமானது, எவ்வளவு சூட்டையும் தாங்கும். இரண்டரை எம்எம் ராடு, எண்பது ஆம்பியர் வைத்து நிதானமாக இழுத்தால், ராடு உருகி ஓடும் அந்தச் சின்னச் சிவப்புக் குளத்தைக் கண்ணாடி வழியே பார்க்கப் பழகிவிடும். வெளிச்சத்தைப் பார்க்காமல் குளத்தைப் பார்ப்பதுதான் இதில் பாதி வித்தை. ஆறியதும் சிப்பிங் சுத்தியலால் தட்டினால் மேலே மூடியிருக்கும் கசடு ஒரே பட்டையாக உரிந்து விழும். அந்தச் சுகத்துக்காகவே இன்னொரு கேட் வராதா என்று இருந்தது.

கேட்டின் சொந்தக்காரர்தான் பாவம். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பக்கத்திலேயே நின்று வெறும் கண்ணால் பார்த்தார். பார்க்காதீர்கள் என்றால், "எங்க அப்பா காலத்துலேர்ந்து பட்டறையைப் பார்த்தவன் தம்பி நான்" என்றார். வெல்டிங் வெளிச்சம் அடித்தால் உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணுக்குள் மணல் கொட்டியது மாதிரி அறுக்கும். நடுராத்திரியில் அவர் வீட்டில் லைட் எரிந்தது. ஒருவர் உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி வைக்கச் சொல்ல, இன்னொருவர் தாய்ப்பால் விடச் சொல்ல, அந்த நேரத்தில் தெருவில் யார் வீட்டில் கைக்குழந்தை என்று ஆலோசனை நடந்ததாம். காலையில் கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார், ஓரிரு நாளில் சரியாகிவிட்டது. அதிலிருந்து நான் வேலை செய்தால் கேட்டில் பழைய போர்வை கட்டிவிடுவேன், தெருப் பையன்களும் எட்டிப்பார்க்க வருவதில்லை.

கனமான இரும்பில் கை தேறிய தெம்போடு காருக்கு வந்தால், அது வேறு உலகம். ஒரு எம்எம் கூடத் தேறாத தகரம், அதையும் ஐம்பது வருஷத் துரு தின்றிருக்கிறது. ராடு தொட்டதும் ஒட்டு விழாமல் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்கப் போனால் ஓட்டை பெரிதாகும். தபால்தலை அளவு ஒட்டுப் போட ஆரம்பித்து, போஸ்ட்கார்டு அளவுக்கு வந்து நின்றது.

இந்தக் கட்டத்தில்தான் பின்தெருப் பெரியவர் வந்து சேர்ந்தார். அந்த ஃபேக்டரியிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்ன தம்பி, தகரத்துல வடாம் புழிஞ்சு வெச்சிருக்கே?"

அவர் சொல்லித்தான் ராடை வைத்துவிட்டு, வயர் ஓடும் மிக் மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். 0.8 எம்எம் வயர், கூடவே உருகும் இரும்பில் காற்றுப் படாமல் காக்க ஒரு கேஸ் சிலிண்டர். நீளமாக இழுக்கவே கூடாதாம். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி நடுவில் ஒன்று. ஒரே பக்கம் சூடு ஏறினால் தகரம் நெளிந்துவிடும், கதவு சாத்தாது. ஓட்டைக்குப் பின்னால் செம்புத் தகட்டை அழுத்திப் பிடித்தால் உருகிய இரும்பு செம்பில் ஒட்டாமல் ஓட்டையை மட்டும் அடைக்கும், செம்பு சூட்டையும் இழுத்துக்கொள்ளும். பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றியாச்சா, டிக்கிக்குள் ஓரமாக இருக்கும் பெட்ரோல் டேங்கை இறக்கியாச்சா என்று தினமும் கேட்பார், டேங்க் மொட்டைமாடியில் கிடப்பது தெரிந்தும் கேட்பார். சேஸியின் இடது பக்கம் முடிந்தபோது தடவிப் பார்த்து, "ம்" என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வலது பக்கம் ஆரம்பிக்கலாம் என்று கிரைண்டரை எடுக்கிறேன், பெரியவர் ஒரு துணிப்பையோடு வந்து நிற்கிறார். உள்ளே கைப்பிடி உடைந்த இட்லிப் பானை.

"சார், இது அலுமினியம். இந்த வயரும் கேஸும் இதுக்கு ஆகாது, தனி வயர் வேணும், சுத்தமான ஆர்கான் கேஸ் வேணும்."

"எனக்குத் தெரியாதா தம்பி? ஃபேக்டரியில எத்தனை பார்த்திருக்கேன்."

"தெரிஞ்சுமா எடுத்துட்டு வந்தீங்க?"

"நான் சொன்னா வீட்டுல நம்ப மாட்டேங்கறா. நீ ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போயேன்."